உச்சியில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் யார்டில் ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில்தான், நான் லாரி ஓட்டிய காலத்திலேயே மிகப் பரபரப்பான லோடு ஏறியது. இதை எழுத உட்காரும்போதே என் கால் தானாக ஆக்சிலேட்டரைத் தேடுகிறது. பைப்பு லோடு அடிக்கப் புதிதாக வந்திருக்கும் டிரைவர் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு மேல் வருகிற கோபத்தை என்ன செய்வது, கூடவே பிறந்துவிட்டது.

பூஜையில் இருந்த செயின்

இலுப்பூருக்கு வெளியே பாறையும் கருவேல முள்ளுமாகக் கிடக்கும் இடத்தில் எங்கள் சிமெண்ட் பைப்பு கம்பெனி இருக்கிறது. பாலம், வாய்க்கால், சாக்கடை என்று மாவட்டம் முழுக்க எங்கள் பைப்பு போகும். என் பெயர் சின்னையா. அங்கே பத்து வீல் டாரஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லோடு ஏற்றிக் கட்டுவது வீராச்சாமி மேஸ்திரியின் பொறுப்பு. கட்டுவதில் கெட்டிக்காரர். பக்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆயுத பூஜை வந்துவிட்டால் முதலாளியே அவர் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும்.

அன்று காலையில் பூஜை முடிந்திருந்தது. செயின், செயினை இறுக்கும் லீவர், கடப்பாரை, பைப்பு உருளாமல் அண்டக் கொடுக்கும் ஆப்புக்கட்டை எல்லாவற்றையும் கழுவி, நல்லெண்ணெய் பூசிப் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆபீஸ் வாசலில் வாழையிலை போட்டு அடுக்கியிருந்தார் மேஸ்திரி. என் லாரியின் டூல்ஸ் பெட்டியும் அந்த வரிசையில்தான் இருந்தது. லாரி முகப்பில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நான் பொரியைத் தின்றுகொண்டு நின்றேன். அப்போது மேஸ்திரியின் போன் அடித்தது.

அவருக்கு ஒரே மகள், செல்வி. மீமிசலைத் தாண்டி ஒரு கடலோரக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவம், நிறைமாதம். போனில் மருமகன் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, செல்விக்கு வலி வந்துருச்சு. ராத்திரி மழையில ஓடை ரோட்ட அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஆம்புலன்ஸ் அங்கிட்டு நிக்கிது, நாங்க இங்கிட்டு நிக்கிறோம். நர்ஸம்மா வந்து பாத்தாங்க. புள்ள மாறிக் கெடக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்னு சொல்றாங்க."

"எறங்கித் தூக்கிட்டு வர முடியாதா மாப்ள?"

"தண்ணி இழுக்குது மாமா. காலையில ஒரு பசுமாட்டையே இழுத்துட்டுப் போயிருச்சு."

மேஸ்திரி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் மேனேஜர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். ரோடு இன்ஜினியர் அவருக்குப் போன் செய்திருக்கிறார். மீமிசல் பக்கம் உடைந்த ரோட்டில் பைப்பைப் போட்டு மண் தள்ளினால் வண்டி போகலாம், ஜேசிபி அங்கே தயாராக நிற்கிறது, ஆறு பைப்பு உடனே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன ரோடும் மருமகன் சொன்ன ரோடும் ஒன்றுதான்.

"இன்னைக்கு எப்படிங்க சார்" என்று மேனேஜரே இழுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். மேஸ்திரியின் குணம் தெரிந்த மனுஷன்.

எல்லோரும் மேஸ்திரியையே பார்த்தோம். அன்று காலையில்தான் ஒரு லோடுமேன் தெரியாமல் கடப்பாரையில் கை வைத்ததற்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார். அவர் பூஜை முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல் செயினை அவரே தூக்கித் தோளில் போட்டார்.

"தெய்வக்குத்தம்னா எனக்கு வரட்டும். தூக்குங்கடா."

அப்புறம் பார்க்க வேண்டுமே. கிரேன் டிரைவர் புது வேட்டியோடு தாவி ஏறினான். மூன்றடி வாய் உள்ள பைப்பு, ஒவ்வொன்றும் இரண்டு டன் இருக்கும். லாரி பாடியில் முன்னால் மூன்று, பின்னால் மூன்று. கீழே அருகருகே இரண்டு, அவற்றின் இடுக்கில் மேலே ஒன்று. இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மேலே உட்காரும் பைப்பு சும்மா இருக்காது. கீழே இருக்கும் இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கீழே இருபுறமும் அண்டக் கொடுத்த ஆப்புக்கட்டை. மேலே இருந்து அமுக்கிப் பிடிப்பது செயின். கட்டை வழுக்கினால் பைப்பு விரியும். பைப்பு விரிந்தால் செயின் தளரும். அப்புறம் ரோட்டில் எவன் வருகிறானோ அவன் தலையெழுத்து.

வைக்கோல் பரப்பி, கட்டை அடித்து, செயின் போட்டு இறுக்கி முடித்ததும் மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் வந்தார். பூஜையில் இருந்ததை எடுத்துவிட்டோம், பதிலுக்கு லோடுக்கே பூஜை போடுகிறேன் என்றார். பின்பக்கம் தெரியும் மூன்று பைப்பின் வாய் விளிம்பிலும், சரியாக உச்சியில், ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

"அண்ணே, நேரமாகுது" என்றேன்.

"இது இல்லாம வண்டி நகரக் கூடாது" என்றார். சூடம் காட்டினார். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பினோம்.

நிறுத்தியதற்கு வாங்கிய திட்டு

பைப்பு லோடு ஏற்றினால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். யார்டை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், முதல் டீக்கு முன்னால், நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். லாரி குலுங்கக் குலுங்க வைக்கோல் அமுங்கும், செயின் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். திரும்ப ஒரு தடவை இறுக்கிவிட்டால் நிம்மதியாகப் போகலாம். எனக்கு அது அன்னவாசல். அங்கே கடைவீதி நெருங்கியதும் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினேன்.

மேஸ்திரி என் தோளைப் பிடித்தார். "ஏன்டா நிறுத்துற?"

"ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேண்ணே."

"நான் கட்டுன லோடுடா அது. என் புள்ள அங்க உசுருக்குத் துடிச்சுக்கிட்டுக் கெடக்கு, நீ என் கட்ட செக் பண்றியா? எடுடா வண்டிய."

அவர் போன் மறுபடி அடித்தது. மருமகன்தான். "மாமா, எங்க வாரீங்க?" மேஸ்திரி என்னை முறைத்துக்கொண்டே, "வந்துக்கிட்டே இருக்கோம் மாப்ள" என்றார். லாரி நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கும் கிளட்சில் கால் வைத்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எனக்கும் கோபம் வரும் இல்லையா. "திட்டுறத நான் வந்த பெறகு திட்டுங்க" என்று கதவைத் திறந்து குதித்தேன்.

பின்னால் போய் நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. செயின் இருந்தது, கட்டை இருந்தது, பைப்பு இருந்தது. அப்புறம்தான் பொட்டைப் பார்த்தேன். மேல் பைப்பில் பொட்டு உச்சியில் இருந்தது. வலது பைப்பிலும் உச்சியில் இருந்தது. இடது பைப்பில் மட்டும் பொட்டு உச்சியை விட்டு இறங்கி, இடதுபுறம் சரிந்து நின்றது.

இரண்டு டன் பைப்பு நாங்கள் கேபினில் உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் இல்லாமல் உருண்டிருக்கிறது.

"அண்ணே, எறங்கி வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் திட்டாமல் இறங்கி வந்தார். பொட்டைப் பார்த்தார். குனிந்து கட்டையைப் பார்த்தார். அது நான்கு விரற்கடை வெளியே தள்ளப்பட்டு, சைடு பலகையை ஒட்டி நின்றது. அவர் கையை வைத்துத் தடவினார். விரலெல்லாம் நல்லெண்ணெய்.

"ஐயையோ, எல்லாக் கட்டையிலயும் நானே என் கையால பூசினேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

லாரிக்குத் தலைமுழுக்கு

ஆள் உட்கார்ந்தால் காரியம் நடக்குமா. "எந்திரிங்கண்ணே, செல்விய நெனச்சு எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எழுந்தவுடன் பழைய மேஸ்திரியாக ஆகிவிட்டார்.

"நகந்த பைப்பத் திரும்பத் தள்ளக் கூடாது. கிரேன் இல்லாமத் தள்ளுனா மேல இருக்கிறது எறங்கிரும். நின்ன எடத்துலயே பூட்டுவோம். பழைய செயின அவுக்காத. மேல இன்னொண்ணப் போடு."

கேபினில் உபரியாக ஒரு செயின் கிடந்தது. நல்ல வேளை. பின்வரிசைக்கு மேலே அதைப் போட்டு இறுக்கினோம். பைப்பு இனி அசையாது என்று தெரிந்த பிறகுதான் கட்டையில் கை வைத்தோம். அதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக எடுத்தோம். ஒன்றை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அண்டக் கொடுத்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டோம்.

எண்ணெயை எப்படிப் போக்குவது? துணியால் துடைத்தால் மரம் இன்னும் மினுமினுத்தது. எதிரே மளிகைக் கடை. ஓடினேன்.

"அக்கா, சீயக்காய்த்தூள் இருக்கிற பாக்கெட்டெல்லாம் குடுங்க. ஒரு வாளித் தண்ணியும் வேணும்."

கடைக்கார அக்கா என்னையும் மாலை போட்ட லாரியையும் மாறி மாறிப் பார்த்தது. "என்ன, லாரிக்குத் தலை முழுக்காட்டப் போறீங்களா?"

"ஆமாக்கா. எண்ணெ தேச்சாச்சு, இன்னும் முழுக்காட்டல."

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, தேங்காய் நாரும் கோணிச் சாக்கும் எடுத்துக்கொண்டு அதுவே இறங்கி வந்துவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கட்டையைத் தேய் தேய் என்று தேய்த்தோம். மேஸ்திரி தன் புதுத் துண்டைக் கிழித்துச் செயினையும் லீவரையும் துடைத்தார். லாரிப் பலகையில் எண்ணெய் சொட்டிய இடத்தில் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன்.

கட்டையைச் சாக்கு சுற்றி அடித்து, அதன் பின்னால் ஒரு துண்டுப் பலகையை ஆணி வைத்து அறைந்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் நகர்த்த முடியாது. ஆனால் சுத்தியலுக்கு எங்கே போவது? என் டூல்ஸ் பெட்டி இலுப்பூரில் சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் அதை எடுக்கவில்லை.

நாலு கடை தள்ளி ஒரு தச்சுப் பட்டறை. போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டோடு மனைப்பலகை மேல் வரிசையாக இருக்கின்றன. பட்டறைக்காரர் கும்பிட்டபடி கையை விரித்தார்.

"நாளைக்கு வாங்க தம்பி, பத்து சுத்தியல் தாரேன். இன்னைக்குத் தொடக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

என் பின்னால் வந்த மேஸ்திரி முன்னே போனார். அன்று காலை வரை இதே வார்த்தையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கை முழுக்கச் சீயக்காய் நுரை.

"ஐயா, எனக்கும் தெரியும். நானும் காலையில பூஜை போட்டவன்தான். அந்தப் பூஜையிலேருந்துதான் செயின எடுத்துக்கிட்டு வந்தேன். ரோடு உடைஞ்ச அந்தப் பக்கம் என் மக பிரசவ வலியில கெடக்கா. இந்தப் பைப்பு போய்ச் சேந்தாத்தான் அவ இங்கிட்டு வரமுடியும்."

பட்டறைக்காரர் திரும்பி உள்ளே போனார். மனைப்பலகை முன்னால் குனிந்து சுத்தியலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆணி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கினார். "அடிக்கிறது என் வேலை. நீங்க கட்டையப் புடிங்க" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். அந்த மனுஷன் அடித்த அடியை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். ஒவ்வொரு ஆணியும் மூன்றே அடியில் உள்ளே போனது.

வேலை முடிந்ததும் அவர் குங்குமத்தை நீட்டினார். மேஸ்திரி மூன்று பைப்பிலும் பழைய பொட்டை அழித்துவிட்டு உச்சியில் புதிதாக வைத்தார். "இது சாமிக்கு இல்ல சின்னையா, ஒனக்கு. பாத்து ஓட்டு" என்றார்.

ஆவுடையார்கோவில் ஆடுகள்

கண்ணாடியை மறைத்த வாழைக்கன்றுகளை அவிழ்த்துக் கடைக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு எடுத்தேன் பாருங்கள் வண்டியை. புதுக்கோட்டை பைபாஸ், அறந்தாங்கி ரோடு, ஒன்றும் நினைவில்லை. வழியெல்லாம் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் டயர் ஏறாமல் ஒதுக்கிக்கொண்டு போனேன். மருமகன் போன் அடிக்கும்போதெல்லாம் மேஸ்திரி எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் சொல்வார். "அறந்தாங்கி மாப்ள." "தாண்டிட்டோம் மாப்ள." ஒருமுறை போனில் செல்வி கத்துவது கேட்டது. மேஸ்திரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

ஆவுடையார்கோவில் தாண்டி நேர் ரோடு. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். திடீரென்று ரோட்டோரப் புதருக்குள்ளிருந்து ஒரு ஆடு. அதன் பின்னால் ஒரு மந்தையே. நடு ரோட்டில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்க்கின்றன. மேய்க்கிற ஆள் கம்பை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி வருகிறார்.

ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப இடம் இல்லை. ஒடித்தால் வயலில்தான் விழ வேண்டும். பிரேக்கை மிதித்தேன். பன்னிரண்டு டன்னும் என் முதுகில் ஏறி உட்கார்ந்தது மாதிரி லாரி முன்னால் அமுங்கியது. செயின் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தது. டயர் தேய்ந்த வாசனை வந்தது. முதல் ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைப் போல எனக்கு இனித்த விஷயம் வேறு கிடையாது.

ஆடுகள் ஒதுங்கிவிட்டன. நான் கியரைப் போட்டேன். "நில்லு" என்றார் மேஸ்திரி. நான் சொல்லாமலேயே கதவைத் திறந்து இறங்கி, பின்னால் ஓடினார். முன்வரிசைக் கட்டைகளையும் குனிந்து பார்த்தார். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

"பொட்டு மூணும் உச்சியில இருக்குடா. போ."

பாலம் ஏறிய ஆம்புலன்ஸ்

உடைந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பத்தடிக்கு மேல் ரோடே இல்லை. செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், ஜேசிபி, மண் ஏற்றிய டிப்பர், இன்ஜினியர். அந்தப் பக்கம் ஊரே நின்றது. எங்கள் லாரியைப் பார்த்ததும் எழுந்த கூச்சல் கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அவுத்து விடுங்க, சீக்கிரம்" என்று யாரோ செயினைப் பிடித்தார்கள். மேஸ்திரி அவர் கையைத் தட்டிவிட்டார். "ஜேசிபி பைப்பப் புடிச்ச பெறகுதான் செயின அவுக்கணும். யாரும் பக்கவாட்டுல நிக்காதீங்க." அவசரத்தில் துடிக்க வேண்டிய ஆள் அவர். அவர்தான் அந்தக் கூட்டத்திலேயே நிதானமாக இருந்தார்.

ஒவ்வொன்றாக இறங்கியது. தண்ணீரில் பைப்பை வைத்ததும் அதன் வாய் வழியாக ஓடை பீறிட்டது. ஆறையும் பரப்பி, மணல் மூட்டை அண்டக் கொடுத்து, டிப்பர் மண்ணைக் கொட்டி, ஜேசிபி மேலே ஏறி ஏறி அமுக்கியது. வெயில் சாய்வதற்கு முன்னால் இன்ஜினியர் கையைக் காட்டினார். ஆம்புலன்ஸ் மெதுவாக அந்தப் பக்கம் போய், செல்வியை ஏற்றிக்கொண்டு திரும்பியது. புது மண்ணில் டயர் புதையப் புதைய, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, இந்தப் பக்கம் ஏறிவிட்டது.

ஏறியதுதான் தாமதம், மேஸ்திரி நடு ரோட்டில் குறுக்கே போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"நிறுத்துங்க."

டிரைவர் பதறிப்போய் நிறுத்தினார். மேஸ்திரி பின்கதவைத் திறந்தார். செல்வி வியர்வையில் நனைந்து, மருமகன் கையை நசுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். மகளைப் பார்த்து அழுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். பக்கிளை அமுக்கிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் சக்கரத்துப் பூட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

அந்த வலியிலும் செல்வி தலையைத் தூக்கினாள். "அப்பா, நான் என்ன பைப்பா?"

"இல்லத்தா. பைப்பு ஒடைஞ்சா வேற வாங்கிக்கலாம்" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. நான் காலி லாரியோடு போய்ச் சேரும்போது தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதாக மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் சீயக்காய் வாசனையோடு நின்றேன்.

இப்போது நான் ஓட்டுவதில்லை. யார்டை விட்டு வெளியேறும் லோடைப் பார்த்து அனுப்புவது என் வேலை. ஆயுத பூஜைக்கு இரும்புக்கு மட்டும் எண்ணெய் பூசுகிறோம், மறுநாள் அதையும் துடைத்துவிட்டுத்தான் வேலை. கட்டைக்குச் சந்தனம் மட்டும்தான். அதன் பக்கத்தில் ஒரு சீயக்காய்ப் பாக்கெட்டையும் வைத்து அதற்கும் பொட்டு வைக்கிறார் மேஸ்திரி. மற்ற நாளில் ஒவ்வொரு பைப்பு வாயிலும் உச்சியில் சாக்பீஸால் ஒரு பொட்டு. அது இல்லாமல் கேட் திறக்க மாட்டேன்.

லோடு ஏற்றி வரும் பிள்ளைகள் என்னிடம், "அவசரம்ணே, பார்ட்டி கத்துறாங்க" என்பார்கள். கத்தட்டும். அன்னவாசலில் நிறுத்தி, இறங்கி, பொட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். எவ்வளவு அவசரமோ அவ்வளவு கட்டாயம் நிறுத்துங்கள். அன்று நான் நிறுத்தியதற்குத் திட்டிய மனுஷன்தான், தன் மகளை ஏற்றிப் போன வண்டியையே மறித்து நிறுத்தினார்.